வெளிநாட்டு மிஷன், நிவாரணக் காணிக்கை: கடலூர், புதுச்சேரி சபைக் கமிட்டிகளுக்கு ஒரு வழிகாட்டி

"இலங்கை வெள்ள நிவாரணத்துக்கு வரும் ஞாயிறு விசேஷக் காணிக்கை" என்று ஆயர் அறிவிப்பதற்கு முன்னால் இதை ஒருமுறை படித்துவிடுங்கள். செயலரையும் பொருளாளரையும் படிக்கச் சொல்லுங்கள். அறிவித்தால் பணம் வந்துவிடும், அதில் சந்தேகமே வேண்டாம். 2004 சுனாமியையும் 2011 தானே புயலையும் பார்த்த கரை இது. அடுத்தவர் வீட்டில் தண்ணீர் புகுந்தது என்றால் இங்கே யாரும் கணக்குப் பார்த்துக் கொடுப்பதில்லை. தொல்லை அதற்குப் பிறகுதான். சேர்ந்த பணம் சபைக் கணக்கிலேயே முடங்கிக் கிடக்கும். கமிட்டி கூடும்போதெல்லாம் "அந்த இலங்கைக் காசு என்னங்க ஆச்சு?" என்று யாராவது கேட்பார்கள்.

எங்கள் மிஷன் கமிட்டி வங்கிக்கும் ஆடிட்டருக்கும் நடுவில் நன்றாகவே அலைந்தது. அந்த அலைச்சலில் தெரிந்துகொண்டதை வரிசையாக எழுதுகிறேன். வரி விகிதங்களும் வரம்புகளும் பட்ஜெட்டுக்குப் பட்ஜெட் மாறுபவை. பணம் அனுப்பும் வாரத்தில் ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

1. பணம் உண்மையிலேயே வெளிநாடு போக வேண்டுமா?

கேட்க அசட்டுத்தனமாக இருக்கும், ஆனால் பாதி வேலை இந்தக் கேள்வியிலேயே முடிந்துவிடும். இலங்கைத் தமிழருக்கு உதவ வேண்டும் என்பதுதான் சபையின் பாரம் என்றால், புதுச்சேரியிலிருந்து மரக்காணம் போகும் வழியில் கீழ்புத்துப்பட்டில் மறுவாழ்வு முகாம் இருக்கிறது. அங்கே பிள்ளைகளின் கல்லூரிக் கட்டணமாகவோ மருத்துவச் செலவாகவோ கொடுத்தால் பணம் ரூபாயிலேயே, சபைக் கணக்கிலிருந்தே போகும். அந்நியச் செலாவணிச் சட்டம் குறுக்கே வராது. முகாமுக்குள் போக மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். பிஸ்கட் பெட்டியோடு நேராகப் போய் வாசலில் நிற்காதீர்கள்.

மிஷனெரிப் பணியும் அப்படித்தான். 1903-ல் தொடங்கிய திருநெல்வேலி இந்திய மிஷனெரி சங்கம், 1959-ல் தொடங்கிய நண்பர் சுவிசேஷ ஜெபக்குழு போன்றவற்றின் களம் முக்கியமாக இந்திய மாநிலங்கள். ஒரு மிஷனெரியின் மாதத் தாங்குதலை ஏற்றுக்கொள்வதுதான் உங்கள் எண்ணம் என்றால் அங்கே தொடங்குவது சுலபம்.

இல்லை, கடல் தாண்டித்தான் போக வேண்டும் என்று கமிட்டி முடிவு செய்தால் அடுத்த படிக்கு வாருங்கள்.

2. எந்த வழியாக அனுப்புவது?

நேரம் எடுத்துக்கொள்ள வேண்டிய இடம் இது. பலரும் நினைப்பது: சபைக்கு வங்கிக் கணக்கு இருக்கிறது, காசோலை எழுதிக் கொடுத்தால் வங்கி டாலராக மாற்றி அனுப்பிவிடும். அப்படி நடக்காது. தனிநபர்கள் வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப ரிசர்வ் வங்கி வைத்திருக்கும் எளிய ஏற்பாட்டுக்கு எல்.ஆர்.எஸ் என்று பெயர். அதில் ஒரு நிதியாண்டுக்கு ஒருவர் 2,50,000 டாலர் வரை அனுப்பலாம். ஆனால் அது தனிநபருக்கு மட்டும். அறக்கட்டளை, சங்கம், நிறுவனம் எதற்கும் அது கிடையாது. உங்கள் சபைக் கணக்கு இவற்றில் ஒன்றின் பெயரில்தான் இருக்கும். வங்கி மூலமாக ரிசர்வ் வங்கிக்கு எழுதித் தனி அனுமதி கேட்கலாம். பதில் வருவதற்குள் கமிட்டியின் பதவிக்காலம் முடிந்துவிடக்கூடும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

இதற்கு மேல் வரிச் சிக்கல் வேறு. வருமான வரிப் பதிவு பெற்ற அறக்கட்டளைக்கு விலக்கு கிடைப்பது, அதன் வருமானம் இந்தியாவுக்குள் செலவாகும்போதுதான். வெளிநாட்டில் செலவழித்ததற்கும் விலக்கு வேண்டுமென்றால், இந்தியாவுக்கு அக்கறையுள்ள சர்வதேச நலன் சார்ந்த பணி என்று நேரடி வரிகள் வாரியம் உத்தரவு போட்டிருக்க வேண்டும். ஒரு உள்ளூர்ச் சபைக்கு அது எட்டாக்கனி.

ஆகவே நடைமுறையில் மிஞ்சுவது மூன்று வழிகள்.

முதல் வழி: திருச்சபைத் தலைமை. கத்தோலிக்கப் பங்குகளுக்கு இது பழகிய பாதை. அக்டோபர் மாதத்தின் கடைசிக்கு முந்தைய ஞாயிறு மறைபரப்பு ஞாயிறு. அன்றைய காணிக்கை முழுவதும் பங்கிலிருந்து புதுவை–கடலூர் உயர்மறைமாவட்ட ஆயர் இல்லத்துக்குப் போய்விடும். அதற்கு மேலான பொறுப்பு அவர்களுடையது. பங்குப் பேரவை அந்தக் காணிக்கையில் கொஞ்சத்தை ஜெனரேட்டர் பழுதுக்கு எடுத்துக்கொள்ளக் கூடாது, அவ்வளவுதான். சீர்திருத்த சபைகளில், உங்கள் திருச்சபையின் தலைமை அலுவலகத்துக்கு எழுதி, வெளிநாட்டு நிவாரணத்துக்கென்று தனிக் கணக்குத் தலைப்பு இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். ஆற்காடு லுத்தரன் திருச்சபையைச் சேர்ந்தவர்களுக்குத் தலைமையகம் கடலூரிலேயே இருப்பது ஒரு வசதி. நேரில் போய்க் கேட்கலாம். தலைமை பணத்தை அனுப்பித்தர முடியாவிட்டாலும், அந்த நாட்டில் நம்பத்தகுந்த உறுப்புச் சபை எது என்று எழுத்தில் சொன்னாலே பாதி பாரம் இறங்கிவிடும்.

இரண்டாவது வழி: அரசு திறக்கும் நிதி. எப்போதும் இருக்காது, இருக்கும்போது இதைவிடச் சுலபம் வேறில்லை. 2022-ல் இலங்கை நெருக்கடியின்போது தமிழ்நாடு அரசு 40,000 டன் அரிசி, 500 டன் பால்பவுடர், மருந்துகள் அனுப்பியது. பொதுமக்களும் முதலமைச்சர் பொது நிவாரண நிதி மூலம் பங்களிக்கலாம் என்று அறிவித்தது. அப்படி அறிவிப்பு வந்தால் காணிக்கை முழுவதையும் அங்கே செலுத்தி, ரசீதை அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிட்டு நிம்மதியாக இருக்கலாம். "நம்ம சபை பெயர் வெளியே தெரியாதே" என்று ஒருவர் வருத்தப்படுவார். வருத்தப்படட்டும்.

மூன்றாவது வழி: உறுப்பினர்கள் தனித்தனியாக எல்.ஆர்.எஸ் மூலம் அனுப்புவது. கமிட்டி ஒருங்கிணைக்கும், பணம் சபைக் கணக்கைத் தொடாது. ஒவ்வொருவரும் தன் சொந்தப் பணத்தை, தன் வங்கிக் கணக்கிலிருந்து, தன் பான் எண்ணில், நேராக அங்குள்ள அமைப்பின் கணக்குக்கு அனுப்புவார்கள்.

பெரிய பொறி இங்கேதான் இருக்கிறது. உண்டியல் காணிக்கையைப் பொருளாளரின் சேமிப்புக் கணக்கில் போட்டு, அவர் பெயரில் அனுப்பிவிடலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். நல்ல எண்ணத்தில்தான் சொல்வார்கள். ஆனால் வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப வங்கியில் அவர் கையெழுத்திடும் ஏ2 படிவத்தில் "இந்தப் பணம் என்னுடையது" என்று உறுதிமொழி இருக்கிறது. சபையாரின் பணத்தை வைத்துக்கொண்டு அதில் கையெழுத்திட்டால் அது பொய் உறுதிமொழி. போதாததற்கு, கணக்கில் வந்து விழுந்த தொகைக்கு வருமான வரித்துறை விளக்கம் கேட்டால் நோட்டீஸ் அவர் வீட்டுக்குத்தான் போகும், சபைக்கு அல்ல. இதையே திருப்பிப் போட்டு, "நீங்க முதல்ல அனுப்புங்க, அப்புறம் சபை கொடுத்துடும்" என்றாலும் விஷயம் ஒன்றுதான்.

எனவே நான் சொல்லும் ஏற்பாடு இது. பெரிய தொகை கொடுக்க விருப்பமும் வசதியும் உள்ள நாலைந்து பேர் தனித்தனியாக அனுப்பட்டும். ஐம்பதும் நூறுமாக உறையில் வரும் காணிக்கையை முதல் அல்லது இரண்டாவது வழிக்கோ, மேலே சொன்ன முகாம் பணிக்கோ கொடுங்கள். காணிக்கை அறிவிக்கும்போதே இந்தப் பிரிவைச் சொல்லிவிட வேண்டும். இலங்கைக்கு என்று வாங்கிவிட்டுக் கீழ்புத்துப்பட்டில் கொடுத்தால், காரியம் நல்லதாகவே இருந்தாலும் சபையில் பேச்சு கிளம்பும்.

3. தீர்மானம்

வழி முடிவானதும் கமிட்டிக் கூட்டத்தில் தீர்மானம் போட்டு மினிட்ஸில் ஏற்றுங்கள். பத்து வரி வேண்டாம். எந்த நாடு, எந்தப் பணி, எந்த வழி, காணிக்கை எடுக்கும் தேதி, நோக்கம் நிறைவேறாமல் போனால் பணத்தை எதற்குப் பயன்படுத்துவது, கணக்கை யார் எப்போது ஒப்படைப்பது. இவற்றில் "நோக்கம் நிறைவேறாமல் போனால்" என்ற வரியைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். அந்த ஒரு வரி இருந்தால் இரண்டு வருடச் சண்டை மிச்சம்.

4. கொடுப்பவர் எந்த நாட்டுக் குடிமகன்?

மற்ற ஊர்க்காரர்களுக்கு இது அரிதாக வரும் சிக்கல். புதுச்சேரியில் ஒவ்வொரு சபையிலும் வரும். பிரெஞ்சுப் படையில் வேலை பார்த்த சொல்தா குடும்பங்கள், பிரெஞ்சு ஓய்வூதியம் வாங்குபவர்கள், பாரீஸிலிருந்து விடுமுறைக்கு வரும் பிள்ளைகள் எல்லோரும் நம் பக்கத்துப் பெஞ்சில்தான் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களில் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ளவர் சபைக்குக் கொடுக்கும் நன்கொடை, எஃப்.சி.ஆர்.ஏ என்னும் வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டப்படி வெளிநாட்டுப் பங்களிப்பு. ரூபாய் நோட்டாகக் கொடுத்தாலும் அப்படித்தான், வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான ஓ.சி.ஐ அட்டை வைத்திருந்தாலும் அப்படித்தான். எஃப்.சி.ஆர்.ஏ பதிவோ முன் அனுமதியோ இல்லாத அமைப்பு அதை வாங்குவது குற்றம். பதிவு உள்ள சபையாக இருந்தாலும் அந்தப் பணம் புதுதில்லி ஸ்டேட் வங்கிக் கிளையில் உள்ள அதற்கான கணக்குக்குத்தான் வர வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பிறகு அதை வேறு அமைப்புக்குக் கைமாற்றவும் முடியாது.

தீர்வு எளிது. அவர் தன் பிரான்ஸ் வங்கிக் கணக்கிலிருந்து நேராக அந்த நாட்டு அமைப்புக்கு அனுப்பிவிடலாம். கமிட்டி அவருக்குக் கொடுக்க வேண்டியது கணக்கு விவரம் மட்டும்.

சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ வேலை பார்க்கும் பிள்ளைகள் இந்தியக் குடிமக்களாகவே இருந்தால், தங்கள் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்புவது வெளிநாட்டுப் பங்களிப்பு ஆகாது. அவர்களுடைய இந்தியப் பாஸ்போர்ட்டின் நகல் ஒன்றைக் கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள்.

5. வாங்குபவர் யார் என்று சரிபார்த்தல்

புகைப்படம் பார்த்து மயங்காதீர்கள். கேட்க வேண்டியவை: அந்த நாட்டில் அமைப்பின் பதிவுச் சான்று, கடைசித் தணிக்கை அறிக்கை, என்ன வேலைக்கு எவ்வளவு என்ற கடிதம், வங்கி விவரம். நேபாளம் என்றால் அங்குள்ள சமூக நல மன்றத்தில் இணைந்திருக்கிறதா என்று கேளுங்கள். இலங்கை என்றால் அரசு சார்பற்ற நிறுவனங்களுக்கான செயலகத்தின் பதிவைக் கேளுங்கள். வங்கிக் கணக்கு அமைப்பின் பெயரில் இருக்க வேண்டும். போதகர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அவருடைய சொந்தக் கணக்குக்கு அனுப்ப ஒப்புக்கொள்ளாதீர்கள்.

கணக்கு எண்ணை மின்னஞ்சலில் வாங்கினால், ஏற்கனவே உங்களுக்குத் தெரிந்த தொலைபேசி எண்ணில் கூப்பிட்டு ஒவ்வொரு இலக்கமாகப் படித்துச் சரிபாருங்கள். "எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது" என்று நடுவில் ஒரு மின்னஞ்சல் வந்தால் அது திருடன் அனுப்பியது என்றே வைத்துக்கொண்டு விசாரியுங்கள்.

மியான்மருக்கு அனுப்ப நினைப்பவர்களுக்குத் தனியாக ஒரு எச்சரிக்கை. பர்மாவிலிருந்து வந்த குடும்பங்கள் நம் பக்கம் நிறைய உண்டு. 2025 மார்ச் நிலநடுக்கத்துக்குப் பிறகு அங்கே உதவ வேண்டும் என்ற துடிப்பும் இருக்கிறது. ஆனால் கறுப்புப் பணப் பரிமாற்றத்தைக் கண்காணிக்கும் எஃப்.ஏ.டி.எஃப் என்னும் சர்வதேச அமைப்பு 2022 அக்டோபரிலிருந்து அந்த நாட்டை அதிக ஆபத்துப் பட்டியலில் வைத்திருக்கிறது. கவுன்டரில் கேள்வி மேல் கேள்வி வரும். அங்கே உதவ வேண்டுமென்றால் திருச்சபைத் தலைமை வழியாக மட்டும் முயலுங்கள்.

6. வங்கியில்

எல்லாக் கிளைகளிலும் அந்நியச் செலாவணி வேலை நடப்பதில்லை. கிளம்புவதற்கு முன் போன் செய்து, "இங்கே எல்.ஆர்.எஸ் செய்வீர்களா, இல்லை வேறு கிளைக்கு அனுப்புவீர்களா?" என்று கேளுங்கள். கூட்டுறவு வங்கிக் கணக்கு மட்டும் வைத்திருப்பவர்கள் முதலில் வேறு வங்கியில் கணக்கு தொடங்க வேண்டியிருக்கும்.

கையில் இருக்க வேண்டியவை:

- பான் அட்டை. இது இல்லாமல் எதுவும் நடக்காது.
- ஆதார் அல்லது பாஸ்போர்ட் நகல்.
- ஏ2 படிவமும் எல்.ஆர்.எஸ் உறுதிமொழியும், கிளையிலேயே தருவார்கள்.
- வாங்கும் அமைப்பின் கடிதம், பதிவுச் சான்றின் நகல்.
- அமைப்பின் முழுப்பெயர், முகவரி, கணக்கு எண், வெளிநாட்டுப் பரிமாற்றத்தில் வங்கியை அடையாளம் காட்டும் ஸ்விஃப்ட் குறியீடு. அந்தக் குறியீடு 8 அல்லது 11 எழுத்து இருக்கும். அதற்குக் குறைந்தால் எங்கோ விட்டுப்போயிருக்கிறது.

படிவத்தில் நோக்கக் குறியீடு என்று ஒரு கட்டம் உண்டு. வெளிநாட்டு மத, அறநிலையங்களுக்கு நன்கொடை என்பதற்கான குறியீடு எஸ்1303. பக்கத்திலேயே எஸ்1302 இருக்கும். அது தனிப்பட்ட பரிசு, நன்கொடைக்கு. கவுன்டரில் இருப்பவர் பழக்கத்தில் பரிசு என்றோ குடும்பப் பராமரிப்பு என்றோ போட்டுவிடக் கூடும். கையெழுத்துக்கு முன் பார்த்துக்கொள்ளுங்கள்.

"யு.பி.ஐ இலங்கையிலேயே வந்துடுச்சாமே, ஸ்கேன் பண்ணி அனுப்பிடலாமே" என்று இளைஞர் ஐக்கியத்தில் ஒரு தம்பி கேட்பான். 2024 பிப்ரவரியில் அங்கே வந்தது, நம்மவர்கள் கடைகளில் பணம் செலுத்தும் வசதி. நன்கொடை அனுப்ப அல்ல.

7. செலவு

நாலு இடத்தில் பணம் கழியும்.

வங்கிக் கட்டணம்: வங்கிக்கு வங்கி வேறு, சில நூறு ரூபாயிலிருந்து ஆயிரத்துக்கு மேலும் போகும். ஐந்து பேர் தனித்தனியாக அனுப்பினால் ஐந்து முறை கட்ட வேண்டும் என்பதால்தான் சின்னத் தொகைகளை இந்த வழியில் அனுப்ப வேண்டாம் என்கிறேன்.

மாற்று விகிதம்: யாரும் கவனிக்காதது இது. சந்தை விலையைவிட டாலருக்கு ஒரு ரூபாய் கூட்டி வைத்தால் 2,000 டாலருக்கு 2,000 ரூபாய் போய்விடும். கட்டணம் இல்லை என்று விளம்பரம் செய்யும் இடத்தில் இதை முதலில் கேளுங்கள். கேட்டால் குறைப்பார்கள், நாங்கள் கேட்டபோது குறைத்தார்கள்.

ஜி.எஸ்.டி: பணத்தை மாற்றுவதற்கு. 1 லட்சம் ரூபாய்க்கு 180, 2 லட்சத்துக்கு 270 என்ற அளவில்தான் வரும்.

இடையில் உள்ள வங்கிகளின் பிடித்தம்: படிவத்தில் கட்டணம் யார் பொறுப்பு என்று கேட்பார்கள். அனுப்புபவர் பொறுப்பு என்று குறித்தால் கொஞ்சம் கூடுதலாகும், ஆனால் அங்கே பெரும்பாலும் முழுத்தொகை சேரும். நிவாரணத்துக்கு அதுதான் நல்லது.

இவற்றோடு டி.சி.எஸ், அதாவது அனுப்பும்போதே வங்கி முன்கூட்டிப் பிடிக்கும் வருமான வரி. ஒருவர் ஒரு நிதியாண்டில் எல்.ஆர்.எஸ் மூலம் அனுப்புவது எல்லா வங்கிகளிலும் சேர்த்து 10 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கவலையில்லை. தாண்டினால், தாண்டிய நன்கொடைத் தொகைக்கு 20 சதவீதம் பிடிப்பார்கள். மகளின் கனடா படிப்புக்கு ஏற்கனவே 9 லட்சம் அனுப்பிய ஒருவர், நம் பேச்சைக் கேட்டு 2 லட்சம் நன்கொடை அனுப்பினால் 1 லட்சம் தாண்டிவிடும். கூடுதலாக 20,000 கட்ட வேண்டும். வருமான வரிக் கணக்கில் அது திரும்பக் கிடைக்கும் என்றாலும் அதுவரை முடங்கும். ஆகவே ஆள் தேர்ந்தெடுக்கும்போதே, "இந்த வருஷம் வெளிநாட்டுக்கு ஏதாவது அனுப்பியிருக்கீங்களா?" என்று கேட்டுவிடுங்கள். வெளிநாட்டு அமைப்புக்கு நேராகக் கொடுத்ததற்கு 80ஜி என்று சொல்லும் நன்கொடை வரி விலக்கு கிடையாது என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

8. எப்போது

ஆவணங்கள் சரியாக இருந்தால் பணம் சில வேலை நாட்களில் போய்ச் சேரும். அமைப்பைச் சரிபார்த்துக் கடிதம் வாங்கத்தான் வாரக்கணக்கில் ஆகும். லெந்து காலக் காணிக்கையை அனுப்புவது என்றால் மார்ச் கடைசி வாரத்தை விட்டுவிடுங்கள். வங்கியில் நிதியாண்டு முடிவு, சில வருடங்களில் நமக்குப் பரிசுத்த வாரமும் அப்போதே வரும், யாருக்கும் நேரம் இருக்காது. வரம்புகளும் ஏப்ரல் 1 முதல் புதிதாகத் தொடங்கும்.

9. பொருளாகவோ ஆளாகவோ அனுப்ப நினைத்தால்

பொருள் வேண்டாம். பழைய துணியும் அரிசி மூட்டையும் சேர்ப்பது சுலபம். ஏற்றுமதி ஆவணம், துறைமுகச் செலவு, அங்கே சுங்க விலக்குக்கான கடிதம் என்று பார்த்தால் பொருளின் விலையை மிஞ்சிவிடும். மருந்துக்கு அந்த நாட்டு மருந்துத் துறையின் ஒப்புதலும் வேண்டும். நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குப் போவது பயணிகள் கப்பல். பெட்டி பெட்டியாக நிவாரணம் ஏற்ற அல்ல.

ஆட்கள் போவதென்றால், நேபாளத்துக்கு இந்தியருக்கு விசா தேவையில்லை. பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அட்டை போதும். 15 முதல் 65 வயது வரை உள்ளவர்களுக்கு ஆதார் செல்லாது. ஆனால் அங்கே மதமாற்றம் செய்வது குற்றம், ஐந்தாண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. நிவாரணப் பையில் துண்டுப்பிரதி வைக்கலாமா என்று குழுவில் யாராவது கேட்டால் பதில் "கூடாது". மாட்டிக்கொள்பவர் நாம் அல்ல, அங்கேயே இருக்கப்போகும் உள்ளூர் ஊழியர். இலங்கைக்கும் சுற்றுலா அனுமதியில் போய்ப் பிரசங்க மேடை ஏறுவது விசா விதிக்குப் புறம்பானது. அழைக்கும் சபைதான் அதற்குரிய விசாவுக்கு ஏற்பாடு செய்ய வேண்டும். பாஸ்போர்ட் இல்லாதவர்கள் அதற்கு 1,500 ரூபாயும் போதிய அவகாசமும் ஒதுக்குங்கள்.

10. அனுப்பிய பிறகு

அனுப்பிய ஒவ்வொருவரிடமும், பணம் அனுப்பியதற்கு வங்கி தரும் ஸ்விஃப்ட் நகலை வாங்கிக் கோப்பில் சேருங்கள். பணம் சேரவில்லை என்றால் தேட அந்த ஒரு தாள்தான் உதவும். வந்து சேர்ந்ததற்கு அமைப்பிடமிருந்து ரசீது, மூன்று மாதத்துக்குப் பின் செலவு விவரம் இரண்டையும் அனுப்பும் முன்பே எழுத்தில் கேட்டு வையுங்கள். பின்னால் கேட்டால் மனஸ்தாபம் வரும். தனிநபர்கள் அனுப்பியதைச் சபையின் வரவு செலவில் காட்டாதீர்கள். ஆண்டறிக்கையில் "உறுப்பினர்கள் தனிப்பட்ட முறையில் அனுப்பியது" என்று ஒரு வரி போதும்.

சில சமயம் பெயரில் ஒரு எழுத்து பிசகிப் பணம் திரும்பி வரும். வரும்போது கட்டணம் கழிந்து, அன்றைய விகிதத்தில், குறைந்தே வரும். அது அனுப்பியவருடைய கணக்குக்குத்தான் வரும், அவருடைய பணம்தான். திரும்பி வந்ததற்கான வங்கிக் கடிதத்தை அவர் வாங்கி வைத்துக்கொள்ளட்டும். பெயரைத் திருத்தி மறுபடி அனுப்புவதா, வேண்டாமா என்பதை அவரே முடிவு செய்யட்டும். அந்தக் குறைந்த தொகையைச் சபை ஈடு செய்ய வேண்டும் என்று கூட்டத்தில் யாராவது எழுந்தால், இரண்டாவது படியை மறுபடி வாசித்துக் காட்டுங்கள்.